கடைமடைக் கம்பி

நம் கல்லூரி விடுதியின் தாழ்வாரங்களில், கூரைக்குச் சற்றுக் கீழே, சாதத் தட்டைக் கவிழ்த்து ஒட்டினாற் போன்ற வெண்ணிறப் பெட்டிகள் சில இருக்கின்றன. அவற்றின் பயனை நாள்தோறும் நுகரும் மாணவர் பலர். அவற்றை ஏறிட்டு நோக்கியவர் சிலரே. கடைக்காரர் அவற்றை ‘ஆக்ஸஸ் பாயிண்ட்’ என்பர். மாணவர் ‘வைஃபைப் பெட்டி’ என்பர். மாணவர் இட்ட பெயரே எனக்கும் உவப்பாதலின் அதனையே ஈண்டு ஆளுகின்றேன். அப்பெட்டியின் முதுகிற் சென்று சேர்வது ஒரே ஒரு கேபிள். மின்சாரத்திற்கென வேறொரு கம்பி அதற்கு இல்லை. அருகே பிளக்கும் இல்லை. செய்தி செல்லும் அக்கம்பியிலேயே அதற்கு வேண்டும் உணவும் செல்கின்றது. இதனை ‘பவர் ஓவர் ஈதர்நெட்’ என வழங்குவர்.

மலர்க் குழுவினர் என்னிடம் வந்து, “பௌதிக ஆசிரியராகிய தாங்கள் எளிய விஞ்ஞானக் கட்டுரை ஒன்று தருதல் வேண்டும்” என்று கேட்டனர். யானும் இசைந்தேன். ஆயின் எழுதத் தொடங்கியபோது, இக்கம்பியைப் பற்றிய விஞ்ஞானத்தை மட்டும் எழுதி, அதன் பொருட்டு ஓர் இளைஞனுக்கு யான் இழைத்த தவற்றை மறைத்துவிடுதல் நேர்மையாகத் தோன்றவில்லை. ஆதலின் இரண்டும் கலந்தே வருகின்றன. விஞ்ஞானம் மட்டும் வேண்டுவோர் நடுவிலுள்ள சில பகுதிகளைப் படித்து விட்டுவிடலாம்.

யான் சிறுவனாயிருந்தபோது எங்கள் ஊர் அஞ்சல் நிலையத்தில் கறுப்பு நிறத் தொலைபேசி ஒன்று இருந்தது. ஒரு கார்த்திகை மாதத்துப் புயலில் ஊர் முழுதும் விளக்கின்றி இருண்டு கிடந்தது. அவ்விரவில் என் தந்தையார் என் பாட்டியாரின் உடல்நிலையை அறிதற்பொருட்டு என்னையும் உடனழைத்துக்கொண்டு அஞ்சல் நிலையத்திற்குச் சென்றார். அங்கே அரிக்கேன் விளக்கின் ஒளியில் அத்தொலைபேசி மட்டும் வழக்கம் போலப் பேசிற்று. மின்சாரமே இல்லாதபோது இஃது எங்ஙனம் பேசுகின்றது என்று யான் வியந்து கேட்டேன். அஞ்சல் அதிகாரி நகைத்து, “இதற்குச் சோறு நம் ஊர் மின்கம்பத்திலிருந்து வருவதில்லை, தம்பி, பேச்சு வருகின்ற கம்பியிலேயே எக்ஸ்சேஞ்சிலிருந்து வருகின்றது” என்றார். எக்ஸ்சேஞ்சில் 48 வோல்ட் பாட்டரி வரிசை ஒன்று இருக்கும் என்பதையும், அதுவே தொலைபேசிகளுக்கெல்லாம் உணவளிக்கும் என்பதையும் பின்னாளிற் கற்றேன். ஆயினும் ‘சோறு’ என்ற அவர் சொல்லே இன்றும் என் நினைவில் நிற்கின்றது.

இரண்டு கம்பிகளை ஒன்றோடொன்று முறுக்கிச் செலுத்தினால் அயற்கம்பிகளின் இரைச்சல் புகாது என்பதைத் தொலைபேசி கண்ட பெல் என்பாரே 1881-இல் உரிமை பெற்று வெளியிட்டார். இன்று கணிப்பொறிகளை இணைக்கும் கேபிளினுள்ளும் அத்தகைய முறுக்கிணைகள் நான்கு இருக்கின்றன. ஈதர்நெட் என்னும் பெயரோ 1973-இல் கலிபோர்னியா மாநிலத்தில் ஜெராக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்டோ ஆராய்ச்சி நிலையத்தில் ராபர்ட் மெட்காஃப் என்பவர் இட்டது. ஒளியலைகள் செல்வதற்கு ஊடகமாக ‘ஈதர்’ என்ற பொருள் ஒன்று அண்டமெங்கும் நிறைந்திருப்பதாக முன்னைய பௌதிகர் கருதினர். மைக்கல்சனும் மார்லியும் 1887-இல் செய்த சோதனையில் அதன் சுவடே தென்படவில்லை. இல்லாத பொருளொன்றின் பெயர் இன்று உலகத்தின் மேசைகள் தோறும் கம்பியுருவில் கிடக்கின்றது! என் வகுப்பில் இதனைச் சொல்லும்போதெல்லாம் மாணவர் நகைப்பர். அந்நகைப்பிற்காகவே யான் ஆண்டுதோறும் இதனைச் சொல்லி வருகின்றேன்.

நிற்க. முதலில் அக்கேபிள்கள் செய்தியை மட்டுமே சுமந்தன. செய்தி செல்லும் கம்பியிலேயே மின்சக்தியையும் செலுத்தும் பொது விதி 2003-இல் ஏற்பட்டது. அதற்கு 802.3 ஏ.எஃப். என்று பெயர். சுவிட்ச் என்னும் நடுநிலைக் கருவி ஒரு துறைக்கு, அஃதாவது ஒரு போர்ட்டிற்கு, 15.4 வாட் அளிக்கும். மறுமுனையிலுள்ள பெட்டி 12.95 வாட் பெறும். இடையே குறைந்த 2.45 வாட் எங்கே போயிற்று எனின், கம்பியைச் சூடாக்கியதிற் போயிற்று. இக்கணக்கு பௌதிகம் பயிலும் மாணவருக்குத் தேனாய் இனிக்கத் தக்கது. மின்னோட்டம் 0.35 ஆம்பியர், கம்பியின் தடை, விதி ஒப்பும் உச்ச அளவாக, 20 ஓம். ஓட்டத்தின் வர்க்கத்தைத் தடையாற் பெருக்கினால் வருவது 2.45. கணக்கு ஒரு நூலிழையும் பிசகவில்லை. பின்னர் 2009-இல் ஏ.டி. என்னும் விதி வந்தது; சுவிட்ச் 30 வாட் அளிக்க, பெட்டி 25.5 வாட் பெறும். ஈண்டு ஓட்டம் 0.6 ஆம்பியர், தடை 12.5 ஓம், இழப்பு 4.5 வாட். இதுவும் பிசகவில்லை. 2018-இல் வந்த பி.டி. என்னும் விதியோ நான்கு இணைகளையும் பயன்படுத்திச் சுவிட்ச் முனையில் 90 வாட் வரை செல்ல இடந்தந்தது.

வோல்ட் ஏன் ஐம்பதை ஒட்டி நிற்கின்றது என்று வினவலாம். வோல்ட்டைக் குறைத்தால் அதே சக்திக்கு ஓட்டம் பெருகும். ஓட்டம் இருமடங்கானால் இழப்பு நான்கு மடங்காகும். மெல்லிய கம்பியில் சக்தியெல்லாம் வழியிலேயே வெந்துவிடும். வோல்ட்டை மிகக் கூட்டினாலோ தொட்டவனுக்கு ஆபத்து. இவ்விரண்டிற்கும் இடையே, பழைய தொலைபேசிக்காரர் நெடுங்காலம் பழகிய அளவின் அருகிலேயே, இப்புதியவரும் வந்து நின்றனர்.

இதனினும் எனக்கு வியப்பளிப்பது அச்சுவிட்சின் நாகரிகம். கம்பியைச் செருகியவுடன் அது முழு மின்சாரத்தையும் பாய்ச்சிவிடுவதில்லை. முன்பின் அறியாத கருவி எதுவேனும் மறுமுனையில் இருந்தால் அது கருகிவிடும் அன்றோ? ஆகவே முதற்கண் 10 வோல்ட்டிற்கு மேற்போகாத சிறு அழுத்தத்தை விட்டுப் பார்க்கும். மறுமுனையில் 25,000 ஓம் அளவுள்ள தடை தென்பட்டால்தான், ‘இவன் பசித்து வந்தவன், உண்ணத் தெரிந்தவன்’ என்று கொள்ளும். அதன் பின்னர், ‘எவ்வளவு உண்பாய்?’ என்று வினவுவது போல அழுத்தத்தைச் சற்று உயர்த்தி, அப்பெட்டி எவ்வகுப்பைச் சேர்ந்தது என்று அறியும். அதற்கும் பின்னரே இலையிற் சோறு விழும். வீட்டுக்கு வந்தவரை உசாவாது உபசரிப்போரும், உசாவியும் உபசரியாதோரும் மலிந்த உலகில் இவ்வொழுங்கு எனக்கு மிகவும் பிடித்திருக்கின்றது.

இத்துணையும் கற்றறிந்த யான் செய்த பிழைக்கு இனி வருகின்றேன்.

2022-ஆம் ஆண்டு ஆனி மாதத்தில் விடுதிக்கு வைஃபை அமைக்கும் பணி என்னிடம் ஒப்படைக்கப்பட்டது. பௌதிகம் கற்றவன் என்ற ஒரு காரணமே அதற்குப் போதியதாயிற்று. பெட்டிகள் இருபது. அவற்றுள் பதினாறு விடுதித் தாழ்வாரங்களுக்கும், எஞ்சிய நான்கு அலுவலகத்திற்கும் வாசக சாலைக்கும் ஆகும். இருபத்து நான்கு போர்ட்டுள்ள சுவிட்ச் ஒன்றை யானே தேர்ந்தெடுத்தேன். அதன் விவரத் தாளில், ‘ஒவ்வொரு போர்ட்டிலும் 30 வாட் வரை’ என்று எழுதியிருந்தது. பெட்டியோ 25.5 வாட்டுக்கு மேல் உண்ணாது. மனநிறைவுடன் தாளை மடித்து வைத்துவிட்டேன். அதற்கு அடுத்த வரியை யான் படிக்கவில்லை.

கேபிள் இழுக்க வந்தவன் இருபத்தைந்து வயது மதிக்கத் தக்க ஓர் இளைஞன். அவன் பெயரை ஈண்டு எழுதாது விடுகின்றேன். நாகப்பட்டினத்துப் பக்கத்துச் சிற்றூரிலிருந்து பிழைப்பிற்காக நம் நகருக்கு வந்தவன். சொற்பம் பேசுவான், வேலையில் நறுக்கானவன். அவனுக்கும் எனக்கும் முதல் நாளிலேயே ஒரு பிணக்கு நேர்ந்தது. யான் விலை மலிவான கேபிள் ஒன்றைக் காட்டி அதனை வாங்குமாறு கூறினேன். அவன் தன் சட்டைப் பையிலிருந்து பிளேடு ஒன்றை எடுத்து, அக்கேபிளின் துண்டிலிருந்த கம்பியொன்றை இலேசாகச் சுரண்டிக் காட்டினான். மேலே செந்நிறம், உள்ளே வெண்ணிறம்.

“செம்புப் பூச்சு மட்டுந்தான், ஐயா. உள்ளே அலுமினியம். செய்தி போகும், பவர் போனால் சூடாகும். தூரத்துப் பெட்டிக்கு இது ஆகாது” என்றான்.

அவன் கூறியது முற்றும் உண்மை. அத்தகைய கம்பியின் தடை தூய செம்பினதைக் காட்டிலும் ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. ஈதர்நெட்டுக்குரிய கேபிள் விதிகள் அதனை ஏற்பதுமில்லை. இதனை அவனினும் யான் நன்கு அறிந்திருத்தல் வேண்டும். ஆயினும் அவன் சொல்லிய செம்புக் கேபிளின் விலை மிகுதியாதலின், அவனுக்கும் கடைக்காரருக்கும் இடையே ஏதேனும் தரகு இருக்குமோ என்னும் ஐயம் என் உள்ளத்துட் புகுந்தது. வாய்விட்டுச் சொல்லவில்லை, பணத்தைக் கொடுத்துவிட்டேன். ஐயத்தை மட்டும் கைவிடாது வைத்துக்கொண்டேன்.

ஆடி மாத இறுதியில் வேலை முடிந்தது. பகலில் எல்லாப் பெட்டிகளும் செவ்வனே இயங்கின. கல்லூரி திறந்து மாணவர் நிறைந்த பின்னர், மேல்மாடி வடகோடியிலுள்ள ஆறு அறைகளிலிருந்து முறையீடு வரலாயிற்று. இரவு எட்டு மணிக்கு மேல் அங்குள்ள பெட்டி திடீரென்று அணையும்; சில நிமிடங் கழித்துத் தானே விழிக்கும்; கால் மணி நேரத்துள் மறுபடியும் அணையும். ஏனைய பெட்டிகளுக்கு யாதொரு குறையுமில்லை. அப்பழங் கட்டடத்தின் பருத்த கருங்கற் சுவர்களுள் கைப்பேசி அலையும் எளிதிற் புகாது. ஆகவே அவ்வாறு அறையினருக்கும் அப்பெட்டியே கதி.

அவ்விளைஞனை மும்முறை அழைத்தேன். மும்முறையும் வந்தான். நுனியை வெட்டிப் புதிதாகக் கிளிப்புப் போட்டான். சோதனைக் கருவியை மாட்டிக் காட்டினான். பகலில் யாவும் சரியாகவே இருந்தன. “என் கம்பியில் குறையில்லை, ஐயா” என்று ஒவ்வொரு முறையும் கூறிச் சென்றான். எட்டிய தூரத்துப் பெட்டி, இரவில் மட்டும் நோய், பகலில் நலம்: இவற்றையெல்லாம் ஒருங்கே வைத்துப் பார்த்து, கம்பியில் எங்கேயோ இளக்கம் இருக்கின்றது என்றும், அவன் அதனை மறைக்கின்றான் என்றும் யான் முடிவு கட்டினேன். சான்று இன்றி முடிவு கட்டலாகாது என்று வகுப்பிற் போதிப்பவனும் யானே.

இந்நிலையில் அவ்வாறு அறைகளுள் ஒன்றில் வசித்த முதலாண்டு மாணவன் ஒருவனுக்கு உதவித்தொகை விண்ணப்பத்தின் இறுதி நாள் வந்தது. அவன் தன் குடும்பத்தில் முதன்முதல் கல்லூரி வாயிலை மிதித்தவன். வருமானச் சான்றிதழ் அன்று மாலைதான் அவன் கைக்குக் கிடைத்தது. இரவு எட்டரை மணிக்கு விண்ணப்பத்தை நிரப்ப அமர்ந்தான். சான்றிதழ்ப் படம் பாதி ஏறும்போது பெட்டி அணைந்தது. மறுபடியும் தொடங்கினான், மறுபடியும் அணைந்தது. இதோ வந்துவிடும், இதோ வந்துவிடும் என்று நான்கு முறை காத்திருந்தான். பதினொன்றரை மணிக்கு விடுதி வாயிற்கு வெளியே ஓடிக் கைப்பேசியில் முயன்றபோது, அரசாங்கத்தின் வலைப்பக்கம் கடைசி நாள் நெரிசலில் திறக்கவில்லை. பன்னிரண்டு மணி அடித்தது. மறுநாட் காலை என் அறை வாயிலில் நின்று அவன் இதனைச் சொன்னபோது, அவன் குரலில் கோபமே இல்லை. அஃது இருந்திருந்தால் எனக்குச் சற்று ஆறுதலாயிருந்திருக்கும்.

என் கோபம் அனைத்தும் அக்கேபிள்காரன் மேல் திரும்பிற்று. அன்று பிற்பகலே அவனை அலுவலகத்திற்கு அழைத்து, எழுத்தர் இருவரும் விடுதிக் காப்பாளரும் கேட்க, “உன் கைவேலையால் ஒரு பையனின் படிப்புக் கெட்டது” என்று உரத்துச் சொன்னேன். செம்புக் கம்பியின் விலையையும், என் ஐயத்தையும் சேர்த்துச் சொன்னேன். அவனுக்குச் சேர வேண்டிய பாக்கி 14,000 ரூபாயை நிறுத்தி வைப்பதாகவும் கூறினேன்.

அவன் நெடுநேரம் பேசாது நின்றான். பின்னர், “ஐயா, நான் கடைமடை ஊர்க்காரன். கடைமடைக்குத் தண்ணீர் வரவில்லையென்றால் வாய்க்கால் வெட்டினவனை மட்டும் அடிக்கக் கூடாது, மதகில் எவ்வளவு திறந்தார்கள் என்றும் பார்க்க வேண்டும்” என்று சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போய்விட்டான்.

காவிரிப் பாசனத்தை அறிந்தார்க்கு இச்சொல்லை விளக்க வேண்டியதில்லை. மேட்டூர் அணையில் நீர் திறந்த பின்னரும், நாகைப் பக்கத்து வயல்கள் பல நாள் வானத்தையே நோக்கிக் கிடக்கும். தலைமடையில் இருப்போர் தத்தம் வயலை நிரப்பிக்கொண்ட மிச்சமே அங்கே செல்லும். எனக்கு அச்சொல் அப்போது வெறுந் துடுக்காகவே பட்டது. ஆயினும் முள் தைத்தாற் போல உள்ளே தங்கிவிட்டது.

இரண்டு வாரங் கழித்து, ஒரு மாலை, மல்டிமீட்டர் ஒன்றை எடுத்துக்கொண்டு விடுதிக்குச் சென்றேன். அவன் குற்றத்தை எண்ணாற் காட்டி மெய்ப்பிப்பதே என் நோக்கம்; இதனை ஒளிக்க விரும்பவில்லை. வடகோடிக் கேபிளின் நீளம் 88 மீட்டர். பெட்டியைக் கழற்றிவிட்டு, ஓர் இணையின் இரண்டு கம்பிகளையும் அந்நுனியில் ஒன்றாய் முறுக்கிவிட்டு, இந்நுனியில் தடையை அளந்தேன். போக்கும் வரவுமாக 176 மீட்டர் செம்புக் கம்பிக்கு ஏறத்தாழ 15 ஓம் இருத்தல் வேண்டும். கருவி 15 என்றே காட்டிற்று. நான்கு இணைகளையும் அளந்தேன். ஒன்றுக்கொன்று மயிரிழை வேறுபாடே இருந்தது. கம்பி குற்றமற்றது. அவன் சொல்லியபடியே அது தூய செம்பு. அவன் போட்ட கிளிப்பிலும் இளக்கமில்லை.

அப்பொழுதுதான் மதகைப் பார்க்கும் எண்ணம் எனக்கு உண்டாயிற்று. பெட்டியைப் பழையபடி மாட்டிவிட்டுக் கீழிறங்கிச் சுவிட்ச் இருக்கும் அறைக்குச் சென்று, அதன் கணக்குப் பக்கத்தைக் கணிப்பொறியில் திறந்து வைத்துக்கொண்டு அமர்ந்தேன். மொத்தம் எத்தனை வாட் செல்கின்றது என்பதை அது நொடிக்கு நொடி காட்டும். மாலை ஆறு மணிக்கு 204. ஏழரைக்கு 290. மாணவர் உண்டு முடித்து அறைகளுக்குத் திரும்பிய எட்டு மணிக்கு 341. பெட்டிகள் சும்மா இருக்கும்போது சிறிதே உண்பன. பலர் ஒருங்கே பற்றி இழுக்கும்போது அவற்றின் ஒலிபரப்பும் பகுதியும் கணிக்கும் பகுதியும் இடைவிடாது உழைப்பதால் இருமடங்கு உண்பன. 355. 363. 369. நாற்காலியின் நுனியில் அமர்ந்திருந்தேன். எண் 370-ஐத் தொட்டது. அக்கணமே இருபதாவது போர்ட்டின் விளக்கு அணைந்தது. மொத்தம் 350-க்கு இறங்கிற்று. மேல்மாடியின் வடகோடியிலிருந்து, “போச்சு!” என்ற கூக்குரல் என் செவியில் விழுந்தது.

யான் படியாது விட்ட அடுத்த வரி இதுதான்: ‘எல்லாப் போர்ட்டுக்கும் சேர்ந்து 370 வாட்.’

ஒவ்வொரு போர்ட்டும் 30 வாட் தரவல்லது என்பது பொய்யன்று. எல்லாப் போர்ட்டும் ஒரே வேளையில் 30 வாட் தரும் என்று அவர்கள் எங்கும் சொல்லவில்லை. அதற்கு 720 வாட் வேண்டும். சட்டியில் உள்ளதன்றோ அகப்பையில் வரும்? 370 என்னும் எண் எங்கிருந்து வந்தது என்பதும் பிறகு விளங்கிற்று: இருபத்து நான்கை 2003-ஆம் ஆண்டு விதியின் 15.4-ஆற் பெருக்கினால் 369.6 வரும். பழைய பந்திக்கு அளந்த சட்டியை வைத்துக்கொண்டு புதிய பந்திக்கு இலை போட்டிருந்தேன். சட்டி வறளும்போது அச்சுவிட்ச் என் செய்யும்? யாருக்கு முதன்மை என்று நாம் சொல்லி வையாவிட்டால், வரிசையின் கடைசி எண்ணுக்குரியவனை எழுப்பிவிடும். அக்கடைசி எண் வடகோடி. அவன் எழுந்தவுடன் மொத்தம் குறைகின்றது. குறையவே மறுபடியும் அவனை அழைத்து அமர்த்துகின்றது. புதிதாய் விழித்த பெட்டி 10 வாட்டே உண்பதால் முதலில் இடர் இல்லை. மாணவர் மறுபடியும் மொய்த்தவுடன் பழைய கதையே. நள்ளிரவு வரை இவ்வாறே நடந்தது.

தாளில் எழுதிக் கூட்டினேன். விடுதிப் பெட்டிகள் பதினாறு, ஒவ்வொன்றும் 21 வாட், ஆக 336. அலுவலகமும் வாசக சாலையும் இரவில் ஆளின்றிச் சும்மா கிடக்கும் நான்கு, ஒவ்வொன்றும் 10, ஆக 40. மொத்தம் 376. இருப்பதோ 370. குறைவு 6 வாட். என் மேசை மேலிருந்த சிறு எல்.இ.டி. விளக்கு அதனினும் மிகுதியாக உண்ணும். அந்த 6 வாட்டில் ஒரு பையனின் விண்ணப்பமும், ஓர் உழைப்பாளியின் கூலியும், என் கணக்கறிவும் ஒருங்கே மூழ்கிவிட்டன.

மறுநாட் காலை அவன் குடியிருக்கும் தெருவைக் கேட்டறிந்து சென்றேன். சந்தைக்குப் பின்புறத்தில் ஒற்றையறை வீடு. அவன் வேலைக்குப் போயிருந்தான். திண்ணையில் ஒரு மணி நேரம் அமர்ந்திருந்தேன். அண்டை வீட்டு அம்மையார் ஒருவர் தண்ணீர் கொடுத்து, “துளை போடுகிற மெஷினை அடகில் வைத்துவிட்டான், வாடகைக்கு வாங்கித்தான் வேலைக்குப் போகிறான்” என்று, யான் வினவாமலே கூறினார். எப்பொழுது அடகு வைத்தான் என்று கேட்கும் துணிவு எனக்கு வரவில்லை.

அவன் வந்தான். என்னைத் திண்ணையிற் கண்டதும் திடுக்கிட்டு, “என்ன ஐயா, மறுபடியும் அணைந்துவிட்டதா?” என்றான். யான் எழுந்து நின்று நடந்ததைச் சொன்னேன். உறையிலிருந்த பணத்தைக் கொடுத்தேன். பணத்தை எண்ணாமல் பையில் வைத்துக்கொண்டு, தாளில் எழுதியிருந்த கணக்கை மட்டும் கேட்டு வாங்கிப் பார்த்தான்.

“எவ்வளவு ஐயா மிகுதி?”

“ஆறு வாட், தம்பி.”

“ஆறா?” என்றான். தாளைத் திருப்பிப் பின்புறத்தையும் பார்த்தான், ஆங்கு ஒன்றுமில்லை. சிரிப்பான் என்று நினைத்தேன், சிரிக்கவில்லை.

புதிய சுவிட்ச் வாங்க வேண்டும் என்றும், அதற்குரிய பணம் அனுமதி பெற்று வருதற்கு இரண்டு மாதங்களாவது செல்லும் என்றும், அதுவரை என் செய்வது என்று விளங்கவில்லை என்றும் யான் சொல்லிக்கொண்டிருந்தேன். அவன் இடைமறித்து, “இரவில் அலுவலகத்தில் யார் ஐயா இருக்கிறார்கள்?” என்று கேட்டான்.

“யாருமில்லை.”

“அப்படியானால் அந்த நான்கு மதகையும் ஏழு மணிக்கு அடைத்துவிடுங்கள். எங்கள் ஊரில் முறை வைப்பது அப்படித்தான்.”

40 வாட்! 336-க்கு 370 இருக்கின்றது. போதியதற்கு மேலும் இருக்கின்றது. குறித்த வேளையில் குறித்த போர்ட்டுக்கு மின்சாரத்தை நிறுத்தும் வசதி அச்சுவிட்சிலேயே அமைந்திருந்தது. ஒரு காசும் செலவில்லை. இருபது ஆண்டுகள் பௌதிகம் போதித்தவனுக்குத் தோன்றாத வழியை, வாய்க்கால் ஓரத்தில் வளர்ந்தவன் திண்ணையில் நின்றபடியே சொல்லிவிட்டான்.

அன்று பிற்பகல் அவனை உடனழைத்துச் சென்று, முன்னர் எவர் கேட்க இழித்துப் பேசினேனோ அவர்களே கேட்க, பிழை என்னுடையது என்று சொன்னேன். எழுத்தருள் மூத்தவர், “அதனாலென்ன, விடுங்கள்” என்றார். அதனை விட வேண்டியவர் அவரல்லர். இளைஞனோ தரையை நோக்கிக்கொண்டு நின்றவன், “சுவிட்சைக் காட்டுங்கள் ஐயா, முறையைப் போட்டுவிடலாம்” என்றான். அதற்கு மேல் அப்பேச்சை வளர்க்க அவன் விரும்பவில்லை. முன்னுரிமை வரிசையையும் அப்பொழுதே மாற்றினோம். வடகோடிக்கு முதலிடம், என் அறைக்குக் கடைசி இடம். அவ்வரிசையைத் தட்டியவன் அவன்; அதனைச் சொல்லியவன் யான்.

விண்ணப்பம் தவறிய மாணவனுக்கு அவ்வாண்டு உதவித்தொகை கிட்டவில்லை. எழுதிக் கேட்டோம், இறுதி நாள் இறுதி நாளே என்று விடை வந்தது. ஆசிரியர் சிலர் கூடிக் கட்டணத்தைச் செலுத்த முன்வந்தபோது, கடனாகத் தருவதாயின் பெற்றுக்கொள்வேன் என்றான். அவ்வாறே எழுதி வாங்கிக்கொண்டோம். அடுத்த ஆண்டு விண்ணப்பத்தை இறுதி நாளுக்குப் பத்து நாள் முன்னரே அனுப்பி உதவித்தொகையும் பெற்றான். கடனில் ஒரு பகுதியைத் திருப்பித் தந்தும் இருக்கின்றான். வேண்டா என்று சொல்லிப் பார்த்தேன், கேட்கவில்லை.

இரண்டு மாதம் என்று யான் மதித்த அனுமதி ஐந்து மாதத்திற்குப் பின் வந்தது. இப்பொழுது 740 வாட் அளிக்கும் புதிய சுவிட்ச் வந்திருக்கின்றது. அதன் விவரத் தாளை முதல் வரி தொடங்கிக் கடைசி வரி வரை படித்தேன். அச்சகத்தாரின் குறிப்பையும் விடவில்லை. கேபிள் வேலையெதுவாயினும் அவ்விளைஞனையே அழைக்கின்றோம். மெஷினை மீட்டுவிட்டான் என்று அறிகின்றேன்.

இனி முறை வைக்க வேண்டிய தேவை இல்லை. ஆயினும் பழைய ஏற்பாட்டை யான் நீக்கவில்லை. மாலை ஏழு மணிக்கு என் அறைப் பெட்டியின் விளக்கு அணைகின்றது. சில வேளைகளில் எழுதிக்கொண்டிருக்கும் கடிதம் பாதியில் நின்றுவிடும். விடைத்தாள்களைக் கட்டி வைத்துவிட்டு, குடையை எடுத்துக்கொண்டு, விடுதிப் பக்கமாகச் சுற்றி வீட்டிற்குச் செல்வேன். மேல்மாடி வடகோடியில் அறைகளின் விளக்குகள் எரிந்துகொண்டிருக்கும்.